இருநூற்றைம்பது டாலருக்கு எத்தனை பிரேம்?

2024 நவம்பர் 7 அன்று ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி கடைக்கு வந்தது. விலை 479 டாலர். எட்டு கோர்கள், அதிகபட்ச வேகம் 5.2 ஜிகாஹெர்ட்ஸ். வந்த கையோடு பல நாடுகளில் கையிருப்பு தீர்ந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், அக்டோபர் 24 அன்று, இன்டெல் தன் கோர் அல்ட்ரா 9 285கே-வை 589 டாலருக்கு இறக்கியிருந்தது. அதில் 24 கோர்கள், வேகம் 5.7 ஜிகாஹெர்ட்ஸ். காகிதத்தில் இந்த இரண்டு எண்ணிலும் இன்டெல் முன்னால். கேமில் மட்டும் அது அந்த எட்டு கோர் சிப்பிடம் தோற்றது. பல கேம்களில் தன் வீட்டு முந்தைய தலைமுறையான 14900கே-யிடமும் தோற்றது.

பெட்டிமேல் அச்சிட்ட எண்களை வைத்து ஒரு கேமிங் பிராசஸரின் பெறுமதியைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அப்படியானால் எதை வைத்துச் சொல்வது? வாங்க நினைப்பவர் பெரும்பாலும் பெஞ்ச்மார்க் பட்டியலைத் திறக்கிறார். உச்சியில் ஒரு நீளமான பட்டை. தன்னிடம் இருப்பது கீழே எங்கோ குட்டையாகக் கிடக்கிறது. மனசு கேட்பதில்லை. அந்தப் பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அது விடை சொல்லும் கேள்வி வேறு. இந்தச் சிப்களில் எது வேகமானது என்று அது சொல்கிறது. என் கம்ப்யூட்டரில் இதைப் போட்டால் எனக்கு என்ன மிச்சம் என்ற கேள்விக்கான விடை சிப்பில் பாதிகூட இல்லை. கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், மதர்போர்டின் சாக்கெட், ராத்திரி உட்கார்ந்து ஆடும் கேம் என்று அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

விமர்சகர்கள் பிராசஸரைச் சோதிக்கும் முறையைப் பார்த்தாலே இது விளங்கும். 9800எக்ஸ்3டி வந்தபோது பெரும்பாலானோர் அதை ஆர்டிஎக்ஸ் 4090 கார்டோடு சேர்த்து, 1080பி திரை அளவில் ஓட்டினார்கள். 4090-இன் அறிமுக விலை 1,599 டாலர். அவ்வளவு கொடுத்து வாங்கியவர் அதை 1080பி மானிட்டரில் மாட்டுவது அபூர்வம். இருந்தும் சோதனை முறை சரியானதுதான். கிராபிக்ஸ் கார்டு எங்கும் மூச்சு வாங்கக் கூடாது, அப்போதுதான் பிராசஸர்களுக்கு இடையிலான வித்தியாசம் வெளியே தெரியும். கோளாறு நாம் அதைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. அந்தச் சோதனையில் கிடைத்த வேக வித்தியாசம், நடுத்தரக் கார்டு வைத்திருக்கும் நம் மேசைக்கும் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

கேமில் ஒவ்வொரு பிரேமும் இரண்டு கைகளைக் கடந்து வருகிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, திரையில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பட்டியல் தருவது பிராசஸர். அந்தப் பட்டியலைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. பந்தியில் பரிமாறுபவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அடுப்படியில் சோறு வேகவில்லையென்றால் இலை காலியாகத்தான் கிடக்கும். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி அவகாசம். 144 பிரேமுக்கு 6.9, 240-க்கு 4.2 மில்லிநொடி. உங்கள் கார்டு ஒரு பிரேமை வரைய 12 மில்லிநொடி எடுக்கிறது என்று வையுங்கள். பிராசஸர் தன் வேலையை 7 மில்லிநொடியில் முடித்தாலும் 4 மில்லிநொடியில் முடித்தாலும் திரையில் வருவது அதே 83 பிரேம்தான்.

4கே திரையில் சோதித்தால் 479 டாலர் சிப்புக்கும் அதன் பாதி விலைச் சிப்புக்கும் வித்தியாசம் பல கேம்களில் காணாமல் போவது இதனால்தான். கார்டு திணறுகிற இடத்தில் பிராசஸருக்குப் போட்ட காசு சும்மா உட்கார்ந்திருக்கும்.

இனி இந்த எக்ஸ்3டி சிப்களின் தனிச்சிறப்புக்கு வருவோம். இதன் அடிப்படை தெரிந்தால் யாருக்கு இது தேவை என்பது தானாகப் புரியும். 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கோருக்கு ஒரு சுற்று என்பது 0.2 நானோநொடி. அதற்கு வேண்டிய தகவல் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷில் இருந்தால் சுமார் பத்து நானோநொடியில், அதாவது ஐம்பது சுற்றில், கைக்கு வந்துவிடும். அங்கே இல்லாமல் ரேமுக்குப் போய் எடுத்துவர வேண்டியிருந்தால் எழுபது, எண்பது நானோநொடி ஆகும். நானூறு சுற்று வீண். வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளில் அடுத்து எது தேவைப்படும் என்பதை ஊகிப்பது எளிது, முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். கேமின் உலகம் அப்படியில்லை. நூற்றுக்கணக்கான பாத்திரங்கள், பொருள்கள், அவற்றின் நிலைகள் எல்லாம் நினைவகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்? கோர்கள் கணக்குப் போடும் நேரத்தைவிடத் தகவலுக்காகக் காத்திருக்கும் நேரம் கூடிப்போகிறது.

வழக்கமான எட்டு கோர் ரைசனில் எல்3 கேஷ் 32 எம்பி. ஏஎம்டி அதோடு இன்னொரு 64 எம்பி சில்லை ஒட்டி 96 ஆக்கியது. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி இந்த வரிசையில் முதல் சிப், விலை 449 டாலர். அதன் உச்ச வேகம் 4.5 ஜிகாஹெர்ட்ஸ், சாதாரண 5800எக்ஸ் எட்டிய 4.7-ஐவிடக் குறைவு. வேகம் குறைந்த சிப் கேமில் முந்தியது என்றால், அதுவரை கோர்கள் எவ்வளவு நேரம் கைகட்டி நின்றிருக்கின்றன என்று பாருங்கள். கேஷ் சில் மேலே உட்கார்ந்திருந்ததால் வெப்பம் வெளியேறச் சிரமம், அதனால்தான் அந்த வேகக் குறைப்பு. 9800எக்ஸ்3டியில் அதைக் கீழே கொண்டுபோய், கோர்களைக் கூலருக்கு நெருக்கமாக வைத்தார்கள். அடிப்படை வேகம் முந்தைய 7800எக்ஸ்3டியின் 4.2-இலிருந்து 4.7-க்கு ஏறியது. நல்ல பொறியியல், மறுக்க முடியாது. ஆனால் 1080பி-யில் முந்தையதைவிடச் சராசரியாக 8 சதவீதம் வேகம் என்றுதான் ஏஎம்டியே சொன்னது. 7800எக்ஸ்3டி வைத்திருப்பவர் அந்த எட்டு சதவீதத்துக்காகச் சிப்பை மாற்றினால் அது ஆசை. தவறில்லை, ஆசை என்று தெரிந்து செய்தால் சரி.

இங்கே ஒரு கழித்தல் கணக்குப் போடலாம். ஆறு கோர் ரைசன் 5 7600, 2023 ஜனவரியில் 229 டாலருக்கு வந்தது, கூலரும் பெட்டியிலேயே உண்டு. 9800எக்ஸ்3டி 479 டாலர், கூலர் தனி. வித்தியாசம் 250 டாலர். கிராபிக்ஸ் கார்டு பக்கம் வந்தால், ஆர்டிஎக்ஸ் 5060-இன் அறிமுக விலை 299 டாலர், 5070-இன் விலை 549. அங்கும் வித்தியாசம் அதே 250 டாலர்! 5060-இல் 8 ஜிபி நினைவகம், 3,840 கூடா கோர்கள். 5070-இல் 12 ஜிபி, 6,144 கோர்கள். கதையும் காட்சியும் நிறைந்த பெரிய கேம்களை 1440பி-யில் ஆடும் ஒருவர், 9800எக்ஸ்3டியோடு 5060 வாங்குவதா, 7600-ஓடு 5070 வாங்குவதா என்று கேட்டால் எனக்கு யோசிக்கவே நேரம் தேவையில்லை. இரண்டாவதுதான். கடை விலைகள் அறிமுக விலையிலிருந்து நகர்ந்துகொண்டே இருக்கும், நம்மூரில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். ஆனாலும் வாங்கும் நாளின் விலையில் இந்தக் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போக வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் போன்ற போட்டி கேம்களை ஆடுபவர்கள் காட்சித் தரத்தை வேண்டுமென்றே குறைத்துவிட்டு 240, 360 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுவார்கள். அங்கே கார்டுக்கு வேலை குறைவு, சுமையெல்லாம் பிராசஸர் தலையில். விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், தொழிற்சாலை கட்டும் ஃபேக்டோரியோ, விண்வெளிப் பேரரசு ஆளும் ஸ்டெல்லாரிஸ் ஆகியவையும் இந்தக் கட்சி. ஸ்டெல்லாரிஸில் ஆட்டம் நூறு வருடம் கடந்த பிறகு ஒவ்வொரு மாதமும் நகர மறுக்கும் அனுபவம் உள்ளவருக்குக் கேஷின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. பால்டர்ஸ் கேட் 3-இல்கூட முதல் இரண்டு பாகங்கள் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாம் பாகத்தில் நகரத்துக்குள் நுழைந்ததும், கூட்டம் கூட்டமாக நடமாடும் ஊர்க்காரர்களால் பிராசஸர் திக்குமுக்காடும். ஒரே கேமுக்குள்ளேயே விடை மாறுகிறது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் வசதிகளை இன்று எல்லாரும் போட்டுக்கொள்கிறோம். 4கே திரையில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையை வைத்தால் கார்டு உண்மையில் வரைவது 1080பி படம். அதைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆக, 4கே மானிட்டர் இருப்பதால் பிராசஸர் பொருட்டில்லை என்ற பழைய பாடம் முழுதாக நிற்பதில்லை. விமர்சகர்களின் 1080பி சோதனையைக் கேலி செய்பவர்கள் இதை யோசிக்கலாம். பிரேம் ஜெனரேஷன் கதை வேறு. இடையில் செருகப்படும் பிரேம்களால் எண் கூடும், ஆனால் பிராசஸர் தாமதித்தால் மவுஸ் அசைவுக்கும் திரைக்கும் இடையிலான இழுவை அப்படியே இருக்கும்.

உங்கள் நிலைமை எது என்று கண்டுபிடிக்கச் செலவே கிடையாது. வழக்கமாக ஆடும் கேமில், வழக்கமாகத் திணறும் இடத்தில் நின்றுகொண்டு திரை அளவையும் காட்சித் தரத்தையும் இறக்குங்கள். பிரேம் எண்ணிக்கை சட்டென்று ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில், புதுப் பிராசஸரால் பயனில்லை. எண் அசையாமல் நின்றால் தடை பிராசஸர் பக்கம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவசக் கருவியில் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா என்று பார்ப்பதும் அதே சோதனைதான். டாஸ்க் மேனேஜர் காட்டும் பிராசஸர் சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். பதினாறு த்ரெட்களில் ஒன்று முழுக்க நிரம்பி மற்றவை சும்மா இருந்தாலும் அது முப்பது சதவீதத்துக்குக் கீழேதான் காட்டும், கேம் அந்த ஒரு த்ரெட்டுக்காகக் காத்துக்கிடக்கும்.

தடை பிராசஸரில்தான் என்று தெரிந்த பிறகும் உடனே காசெடுக்க அவசரம் இல்லை. ரேம் ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா? இரண்டாகப் போட்டால் நினைவகப் பாதை இரட்டிப்பாகும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போடப்பட்டிருக்கிறதா? வேகமான ரேமுக்குக் காசு கொடுத்துவிட்டு அதை அடிப்படை வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். இடையிடையே படம் சொடுக்கென்று நிற்பதற்கும் பிராசஸரே காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஷேடர்களை ஆட்டத்தின் நடுவில் தயாரிக்கும் கேம்களில் 9800எக்ஸ்3டியும் திக்கும், 8 ஜிபி கார்டில் நினைவகம் நிரம்பினாலும் திக்கும். எந்தச் சிப்பும் அதைத் தீர்க்காது. சராசரியைவிட, விமர்சனங்களில் ‘1 சதவீத லோ’ என்று தரும் எண்ணைப் பார்ப்பது நல்லது. மிக மெதுவாக வந்த பிரேம்களின் கணக்கு அது. கண்ணை உறுத்துவது அவைதான். எக்ஸ்3டி சிப்களின் நிஜமான பலமும் பல கேம்களில் அந்த எண்ணில்தான் தெரிகிறது.

விலை என்றதும் சிப்பின் விலையை மட்டும் எடுத்துக்கொள்வது அடுத்த சறுக்கல். 2019-இல் 199 டாலருக்கு ரைசன் 5 3600 வாங்கி, ஏஎம்4 சாக்கெட் போர்டும் டிடிஆர்4 ரேமும் வைத்திருந்த ஒருவருக்கு 5800எக்ஸ்3டி என்பது ஒரே ஒரு பொருள். பழைய சிப்பைக் கழற்றி, பயாஸைப் புதுப்பித்து, புதியதை வைத்தால் வேலை முடிந்தது. 2017 காலத்துப் போர்டுகள் பலவற்றில்கூட அது ஓடும். அதே ஆள் 7800எக்ஸ்3டிக்குப் போக வேண்டுமென்றால், அதே 449 டாலரோடு ஏஎம்5 மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் சேரும். சிப்பின் விலைப்பட்டியில் இரண்டுக்கும் ஒரே எண். பையிலிருந்து போகும் பணம் ஒன்றல்ல. என்னைக் கேட்டால், கடந்த பத்தாண்டில் கேமிங்குக்காக வந்த பிராசஸர்களில் விலைக்கு மிகத் தகுந்தது 5800எக்ஸ்3டிதான். பட்டியலில் அது முதலிடத்தில் இருந்த காலம் குறைவு, ஆனால் லட்சக்கணக்கானோர் ஏற்கெனவே வைத்திருந்த போர்டுக்கு வந்த கடைசிப் பெரிய சிப் அது. 2024 ஜனவரியில் அதன் தம்பி 5700எக்ஸ்3டி 249 டாலருக்கு வந்தபோது கணக்கு இன்னும் இனித்தது.

இன்டெல் பக்கம் இந்த வசதி குறைவு. 2017-இல் 8700கே வந்தபோது சாக்கெட் பார்வைக்கு அதேதான், ஆனால் முந்தைய போர்டுகளில் அது ஓடாது. 12, 13, 14-ஆம் தலைமுறைகள் மூன்றும் ஒரே சாக்கெட்டைப் பகிர்ந்துகொண்டது உண்மை. 285கே வந்தபோது மறுபடியும் புதுச் சாக்கெட். கேமில் முந்தைய தலைமுறையைவிடப் பின்தங்கிய ஒரு சிப்புக்காகப் போர்டையும் மாற்றச் சொன்னால் யார் மாற்றுவார்கள்?

2025-இன் கடைசி மாதங்களில் இந்தக் கணக்கில் ரேம் புகுந்து எல்லாவற்றையும் கலைத்தது. ஏஐ தரவு மையங்களின் பசியால் நினைவகச் சில்களின் விலை எகிறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் என்ற சில்லறை வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. டிடிஆர்5-க்கு இடம் மாறுவதன் செலவில் பிராசஸரைவிட ரேம் கனக்கும் நிலைமை வந்தால், சிப்பின் விலை தள்ளுபடியில் கிடைக்கிறது என்று துள்ளுவதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே ஏஎம்5 வைத்திருப்பவர் மட்டும் நிம்மதியாக இருக்கலாம். 2027 வரையாவது அந்தச் சாக்கெட்டுக்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

எப்போது வாங்குவது என்பதில் பொது விதி ஒன்று உண்டு: முதல் நாளில் வாங்காதே. 2024 ஆகஸ்டில் ரைசன் 7 9700எக்ஸ் 359 டாலருக்கு வந்தபோது, நிறுவனம் காட்டிய படங்களில் இருந்த முன்னேற்றம் விமர்சகர்களின் மேசையில் கிடைக்கவில்லை. பிறகு விண்டோஸில் ஒரு திருத்தம் வந்து கேம் வேகம் கூடியது. ஆனால் முந்தைய 7000 வரிசைக்கும் அதே ஊட்டம் கிடைத்ததால் இடைவெளி பெரிதாக மாறவில்லை. விலைதான் இறங்கியது. இன்டெல்லின் 265கே-யும் 394 டாலரில் தொடங்கி மறு வருடமே 300 அளவுக்கு வந்தது. காத்திருந்தவர் பிழைத்தார். ஆனால் இந்த விதிக்கும் அடங்காத ஒன்று உண்டு. 7800எக்ஸ்3டி அறிமுக விலையைவிட நன்றாகக் குறைந்து கிடைத்த காலம் ஒன்றிருந்தது. 9800எக்ஸ்3டி வந்தால் இன்னும் மலியும் என்று காத்திருந்தவர்கள் 2024 இலையுதிர்காலத்தில் கண்டது விலையேற்றத்தை. உற்பத்தி புதியதற்குத் திரும்பிவிட்டது, ஈடுகொடுக்கப் போட்டிச் சிப் இல்லை. போட்டி இருக்கும் இடத்தில் காத்திருக்கலாம், இல்லாத இடத்தில் நல்ல விலை தென்பட்ட அன்றே வாங்கிவிட வேண்டியதுதான்.

மின்சாரத்தையும் ஒரு வரியில் விட்டுவிட முடியாது. 14900கே உச்சத்தில் 253 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டது. கேமில் அவ்வளவு போகாது, ஆனாலும் எக்ஸ்3டி சிப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் சில கேம்களில் நூறு வாட்டை நெருங்கும். தினம் நான்கு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். தொகை பெரிதில்லைதான். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு அந்த 24 யூனிட் கட்டண அடுக்கையே மாற்றிவிடும். மே மாதத்தில் அந்த நூறு வாட் அறைக்குள் வெப்பமாக இறங்கும், அதை ஏசி மறுபடி வெளியே தள்ள வேண்டும்.

கடைசியாக, கையில் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பது. கடையில் பெட்டியோடு வரும் ‘பாக்ஸ்’ பீஸா, பெட்டியில்லாத ‘ட்ரே’ பீஸா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ட்ரே பீஸில் சில நூறு ரூபாய் குறையும், ஆனால் உற்பத்தியாளரின் மூன்று வருட வாரண்டி பொதுவாகக் கிடைக்காது, கடைக்காரர் தருவதுதான். வாரண்டி வெறும் காகிதமில்லை என்பதை இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை காட்டியது. மின்னழுத்தக் கோளாறால் உயர்ரகச் சிப்கள் நாளடைவில் தேய்ந்து கேம்கள் நொறுங்கத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் பயாஸ் வழியாக மைக்ரோகோடு திருத்தம் வந்தது, வாரண்டியும் இரண்டு வருடம் நீட்டப்பட்டது. ஆனால் அந்தத் திருத்தம் ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பைச் சரிசெய்யாது. ஆகவே பழைய 13900கே ஒன்று மலிவாக வந்தால் முந்தைய சொந்தக்காரர் பயாஸை எப்போது புதுப்பித்தார் என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாதவரிடம், வாரண்டி பாக்கியும் இல்லாமல், என்ன விலைக்கும் வாங்க வேண்டாம். பழைய 5800எக்ஸ்3டியில் இந்தப் பயம் குறைவு, ஏனென்றால் அதன் பெருக்கியை ஏற்றி ஓவர்கிளாக் செய்ய முடியாதபடி நிறுவனமே பூட்டி அனுப்பியது. பின்கள் வளைந்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஎம்4-இல் பின்கள் சிப்பின் அடியில்தான் இருக்கும், கூலரைக் கழற்றும்போது சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.